சும்மாடு கட்டிச் சுமந்த பேனல்

வாசகர் கேள்வி – பதில்

சோலார் பேனல் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன: எத்தனை வருஷம் உழைக்கும்? பேனலின் ஆயுளில் பாதி தொழிற்சாலையில் முடிவாகிறது. மீதிப் பாதி, வண்டியிலிருந்து இறக்கி மாடியில் கடைசி போல்ட்டை முடுக்கும் வரையிலான அந்த ஒரு நாளில் முடிவாகிறது. இந்த முறை அந்த ஒரு நாளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

ஐயா, போன மாதம் எங்கள் வீட்டில் 550 வாட் பேனல் ஆறு போட்டோம். லோடு இறக்க வந்தவர்கள் தலையில் சும்மாடு கட்டி, ஆளுக்கு ஒன்றாக இரண்டாம் மாடிக்கு ஏற்றினார்கள். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, கரன்ட்டும் ஒழுங்காக வருகிறது. ஆனால் படியேறும்போது பேனலின் முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆடியதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பயப்பட வேண்டுமா?
— பெரம்பூர் வாசகி

பயம் வேண்டாம். சந்தேகம் நியாயமானது.

பேனலில் உடையக்கூடியது மேலே தெரியும் கண்ணாடி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது 3.2 மி.மீ. தடிமனில் டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து வலுவேற்றிய கண்ணாடி, லேசில் விட்டுக்கொடுக்காது. எளிதில் நொறுங்கும் பொருள் அதற்கு அடியில் இருக்கிறது. ஒரு சிலிக்கான் செல்லின் தடிமன் 0.15 முதல் 0.18 மி.மீ. வரைதான், இரண்டு தலைமுடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்த அளவு. உங்கள் பேனலில் இப்படி 144 அரைச் செல்கள், இவிஏ என்ற ஒட்டும் படலம் இரண்டுக்கு நடுவே அப்பளம் பரப்பியது போலக் கிடக்கின்றன. கண்ணாடி வளைந்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். அப்பளத்துக்கு அது தெரியாது, நொறுங்கத்தான் தெரியும்.

பேனல் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், சுமார் 28 கிலோ. நடுவில் ஒரு தலை மட்டும் தாங்கிக்கொண்டு இரண்டு முனையும் அந்தரத்தில் நின்றால், ஒவ்வொரு படிக்கும் முனைகள் துள்ளும். வளைவு அதிகமாக விழும் இடம் தலைக்கு நேர் மேலே உள்ள நடு வரிசைகள். அங்கேதான் மயிரிழை விரிசல் விழும். அது கண்ணுக்குத் தெரியாது. மல்ட்டிமீட்டருக்கும் தெரியாது, ஏனென்றால் விரிசல் விட்ட செல்லும் முழு வோல்ட்டைக் காட்டும். “செக் பண்ணிட்டோம் சார், 50 வோல்ட் வருது” என்று ஃபிட்டர் சொல்வது பொய்யல்ல; அந்தச் சோதனைக்கு இந்தக் கேள்விக்கான பதில் தெரியாது, அவ்வளவுதான்.

அதன்பின் நடப்பது மெதுவான வேலை. சென்னை மாடியில் ஒரு பேனல் விடியற்காலையில் 25 டிகிரியில் இருந்து நண்பகலில் 65 டிகிரிக்குப் போகும். தினம் ஒரு தடவை விரிந்து சுருங்கினால் 25 வருஷத்தில் 9,000 தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் விரிசலின் இரு பக்கமும் விலகி நெருங்கும், செல்லின் மேல் ஓடும் வெள்ளிக் கோடுகள் ஒவ்வொன்றாக அறும். ஒரு துண்டு தனித்துப் போனதும் மீதித் துண்டு முழுக் கரன்ட்டையும் சுமக்க முடியாமல் சூடேறும். அதைத்தான் ஹாட் ஸ்பாட் என்கிறார்கள். சில பேனல்களில், விரிசல் ஓடிய வழியே மாதங்கள் கழித்து நத்தை ஊர்ந்தது போலப் பழுப்புக் கோடு தெரியும்.

உங்களுக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. இப்போது வரும் செல்களில் பத்துக்குக் குறையாமல் மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. செல் விரிசல் விட்டாலும் பெரும்பாலான துண்டுகள் ஏதாவது ஒரு கம்பியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று, நான்கு கம்பி மட்டும் இருந்த பழைய பேனல்களைவிட இவை அடியைப் பொறுத்துக்கொள்ளும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் இ.எல். சோதனை இருக்கிறது. இருட்டில் பேனலுக்குள் வெளியிலிருந்து கரன்ட் செலுத்தினால் செல்கள் அகச்சிவப்பில் ஒளிரும். அதற்கென உள்ள கேமராவில் விரிசல் கருங்கோடாக விழும். ஆறு பேனலுக்காக அதைத் தேடி அலையச் சொல்ல மாட்டோம். வெயில் நன்றாக இருக்கும் நாளில், சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது தெர்மல் கேமராவால் பேனல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாச் செல்லும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் அக்கம்பக்கத்தைவிட 20 டிகிரி தூக்கலாக இருந்தால் அந்தப் பேனலின் எண்ணைக் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை இப்படிப் பார்த்தால் போதும்.

சரியான முறை இதுதான். ஒரு பேனலுக்கு இரண்டு ஆள். பேனலைச் செங்குத்தாக, நீளப் பக்கம் தரையை நோக்கி இருக்கும்படி நிறுத்தி, ஃப்ரேமின் இரு முனையிலும் பிடித்துத் தூக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடைக்கே நடுவில் தொய்யும். பின்னால் ஒயர் கிளம்பும் சின்னப் பெட்டியான ஜங்ஷன் பாக்ஸையோ தொங்கும் ஒயரையோ கைப்பிடியாக்கக் கூடாது. கீழே வைக்கும்போது ஒரு மூலை முதலில் தட்டக் கூடாது. அட்டையோ ரப்பர் பாயோ விரித்து, முழு விளிம்பும் ஒன்றாக இறங்க வேண்டும். மூலையில் மாட்டி வரும் பிளாஸ்டிக் தொப்பிகளை, ஸ்ட்ரக்சரில் (பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) ஏற்றும் நிமிஷம் வரை கழற்றக் கூடாது. டெம்பர் கண்ணாடியின் பலவீனம் அதன் விளிம்பில்தான்: நடுவில் தாங்கும் அடியைவிட மிகச் சின்ன அடி மூலையில் பட்டாலும் மொத்தமும் பொரிந்துவிடும்.

இன்னொன்று. கடைக்குப் பேனல் அட்டைப் பெட்டிக் கட்டாக, முப்பதுக்கு மேல் செங்குத்தாக அடுக்கி, பட்டை போட்டு வருகிறது. உங்கள் வீட்டுக்கோ கட்டைப் பிரித்து ஆறு உதிரியாகக் குட்டி யானையில் வருகிறது. அந்த வண்டிகள் பலவற்றின் தொட்டி பேனலைவிடக் குட்டை. பின்கதவைத் திறந்துவிட்டு, பேனலைப் படுக்கப் போட்டு, நடுவில் கயிற்றை இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு வேகத்தடையிலும் குதித்துக்கொண்டு வந்தால், சும்மாடு பாவம் என்ன செய்யும்? சேதம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். நீளத் தொட்டி வண்டி கேளுங்கள். பேனல்கள் விளிம்பில் நிற்க வேண்டும், இடையில் அட்டை வேண்டும்.

பேனல் 1,400 கிலோ எடை தாங்கும் என்று விற்றவர் சொன்னார். என் எடை 70 கிலோதான். மேலே ஏறி நின்று துடைத்தால் என்ன ஆகிவிடும்?
— நங்கநல்லூர் வாசகர்

அவர் சொன்ன கணக்கு சரி, நீங்கள் அதைப் பயன்படுத்துகிற விதம் தவறு. ஐஇசி 61215 என்ற சர்வதேசத் தரச் சோதனையில் பேனலின் முன்பக்கத்தில் 5,400 பாஸ்கல் அழுத்தம் வரை கொடுக்கிறார்கள். அது சதுர மீட்டருக்கு 550 கிலோ; 2.58 சதுர மீட்டருக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 1,420 கிலோ வரும். ஆனால் அந்த எடை மணல் பரப்பியது போலச் சமமாக விழுகிறது. உங்கள் ஒற்றைப் பாதத்தின் பரப்பு சுமார் 175 சதுர சென்டிமீட்டர். நடக்கும்போது அதில் 70 கிலோ இறங்கினால் 39,000 பாஸ்கல், சோதனை அழுத்தத்தைப் போல ஏழு மடங்கு. குதிகாலில் மட்டும் இறங்கினால் இன்னும் அதிகம். கண்ணாடி பொறுத்துக்கொள்ளும், அடியில் உள்ள அப்பளம் பொறுக்காது.

முழங்கால் ஊன்றுவதும், ஸ்பானர் பெட்டியை “ரெண்டு நிமிஷம்” வைப்பதும், ஏணியைச் சாய்ப்பதும் இதே கணக்கில்தான் சேரும். பேனல் வரிசைகளுக்கு நடுவே ஆள் நடக்க 60 செ.மீ. வழி விடாமல் முழு மாடியையும் நிரப்பித் தருகிறேன் என்பவரிடம், “துடைக்க எங்கே நிற்பது?” என்று முதலிலேயே கேளுங்கள்.

தென்னை மரத்தடி மாடி என்றால் அதையும் யோசியுங்கள். ஆலங்கட்டிச் சோதனையில் எறிவது 25 மி.மீ. பனிக்கட்டி, எடை 7.5 கிராம், வேகம் மணிக்குச் சுமார் 83 கி.மீ. அதன் அடி 2 ஜூல். ஒன்றரைக் கிலோ தேங்காய் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 44 ஜூல். மரமேறுபவரை முதலில் கூப்பிடுங்கள், சோலார் ஆளைப் பிறகு.

எங்கள் அடுக்ககத்தில் மாடிப்படி குறுகல், திருப்பத்தில் பேனல் நுழையாது. மூன்றாம் மாடிக்குக் கயிறு கட்டி இழுக்கலாம் என்கிறார்கள். சரியா?
— வளசரவாக்கம் வாசகர்

இழுக்கலாம். எப்படிக் கட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம். ஃப்ரேமில் இருக்கும் போல்ட் துளைகளில் கயிறு கோத்துத் தூக்கக் கூடாது. மெல்லிய அலுமினியம், பிளந்துகொள்ளும். இரண்டு அகலப் பட்டைகளை, லாரியில் சரக்குக் கட்டுகிற நைலான் பட்டை போதும், பேனலின் அடிப்பக்கமாகச் சுற்றி, இரண்டும் முனையிலிருந்து நீளத்தில் கால் பங்கு தள்ளி இருக்கும்படி போட வேண்டும். பட்டை கண்ணாடி விளிம்பில் அழுந்தாமல் மூலைகளில் அட்டை வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பேனல். கீழ் முனையில் தனியாக ஒரு வழிகாட்டிக் கயிறு கட்டி, தரையில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டால்தான் பேனல் சுவரில் மோதாது, சுழலாது. கைப்பிடிச் சுவரின் விளிம்பில் பழைய மெத்தையோ கோணிச் சாக்கோ மடித்துப் போடுங்கள், உரசுவது அங்கேதான். கயிறு இழுக்கும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது. தெருவோரம் என்றால் தடுப்புக் கட்டுங்கள்.

காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால் இரண்டரைச் சதுர மீட்டர் பேனல் பாய்மரம் ஆகிவிடும், 28 கிலோ அதற்கு ஒரு பொருட்டே அல்ல. செலவு கட்டுபடியானால் வீட்டுச் சாமான் ஏற்றும் ஏணி லிஃப்ட் வாடகைக்குக் கிடைக்கும், அது உத்தமம்.

ஐப்பசியில் பேனல் வந்து இறங்கியது. மழையால் வேலை தள்ளிப்போய், ஒரு மாதமாக மொட்டை மாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கையாகக் கிடக்கிறது. மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறோம். வெயில் மழை தாங்கத்தானே செய்த பொருள்?
— வேளச்சேரி வாசகி

வெயில் மழையைத் தாங்கும், சாய்வாக மாட்டி, ஒயர் முனைகள் பூட்டிய பிறகு. இப்போது முனைகள் திறந்திருக்கின்றன. பேனலோடு வரும் எம்சி4 கனெக்டருக்கு ஐபி68 தரம், அதாவது தண்ணீர் புகாத தரம், என்பது இரண்டு பாதியும் “டக்” என்று பூட்டிக்கொண்ட பிறகுதான். திறந்த முனைக்குள் மழைத்தண்ணீர் போனால் உள்ளே இருக்கும் தகரப்பூச்சு கறுக்கும், பிறகு அந்த இணைப்பு சூடேறும். இன்றே ஒவ்வொரு முனைக்கும் மூடி போடுங்கள். கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பேனல்களை வீட்டுக்குள் கொண்டுவந்து, சுவரோரம் அட்டை மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். முகமும் முகமும், முதுகும் முதுகும் சேரும்படி நிறுத்தினால் ஒன்றின் ஜங்ஷன் பாக்ஸ் இன்னொன்றின் கண்ணாடியைக் குத்தாது. பின்பக்கத்து வெள்ளைப் படலத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் அந்தப் பேனலை மாட்ட விடாதீர்கள். ஈரத்தைத் தடுப்பது அந்தப் படலம்தான். பெட்டியைக் கத்தியால் கிழிக்கிற அவசரத்தில் அது கிழிவது சகஜம்.

கடற்கரையிலிருந்து எங்கள் வீடு நான்கு தெரு. ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் உதிர்கிறது. பேனல் தாங்குமா?
— திருவான்மியூர் வாசகர்

பேனலுக்கு ஐஇசி 61701 என்ற உப்புப்பனிச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று தகவல் தாளில் பாருங்கள். கையேட்டில் கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி மாட்ட வேண்டும் என்ற வரியும் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். அதை மீறினால் வாரண்டி இல்லை. பேனல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். சாகிறது பேனலைப் பிடித்திருக்கும் போல்ட்.

அலுமினிய ஃப்ரேமும் இரும்பு போல்ட்டும் உப்பு ஈரமும் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து ஒன்று மற்றொன்றைத் தின்னும். ஸ்ட்ரக்சர் சூட்டில் முக்கித் துத்தநாகம் பூசியதாக, பூச்சு 80 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்கட்டும். மாடியில் வந்து வெட்டி, வெல்டு வைத்து, வெள்ளி பெயின்ட் அடிப்பவரை விடாதீர்கள். வெல்டு வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோய், முதல் துரு அங்கேதான் பிடிக்கும். துளை போடுவதெல்லாம் பூச்சுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். போல்ட், நட், வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304. உங்கள் தெருவுக்கு, உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 கேளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டிய இடமல்ல. இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் ரப்பர் வாஷர் வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. இம்பாக்ட் டிரைவரை வைத்து “டர்ர்” என்று ஓட்டினால் மரை சூடேறி நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். பிறகு முடுக்கவும் வராது, கழற்றவும் வராது. ஃபிட்டர் “டைட் ஆயிடுச்சு” என்று அடுத்ததுக்குப் போய்விடுவார், பேனலைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் அடியில் லூஸாகவே இருக்கும். மரையில் துளி கிரீஸ் தொட்டு, கையால் முடுக்கி, கடைசிச் சுற்றை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடிக்க வேண்டும். பல கம்பெனிக் கையேடுகளில் எம்8 போல்ட்டுக்கு 16 முதல் 20 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும். குறைந்தால் காற்றில் பேனல் அதிரும், கூடினால் ஃப்ரேம் நெளிந்து கண்ணாடியைக் கவ்வும். முன்னும் பின்னும் 2 மி.மீ. கண்ணாடி வைத்த புது வகைப் பேனல் என்றால் இரட்டிப்புக் கவனம். அந்தக் கண்ணாடி முழு டெம்பர் அல்ல, எடையும் 32 கிலோ வரை போகும்.

எர்த் ஒயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஃப்ரேமின் மேல் உள்ள பளபளப்புப் பூச்சில் கரன்ட் ஓடாது. எர்த் குறி போட்ட துளையில், பற்கள் உள்ள வாஷர் வைத்து அந்தப் பூச்சைக் கீறிக்கொண்டு முடுக்கினால்தான் எர்த் உண்மையில் சேரும். கிளாம்ப் மேல் சுற்றிவிட்ட ஒயர் வெறும் அலங்காரம்.

மாடித் தளத்தில் துளை போட்டால் ஒழுகும் என்று பயந்து, கான்கிரீட் கட்டை மேல் ஸ்ட்ரக்சரை வெறுமனே உட்கார வைக்கச் சொன்னேன். கான்ட்ராக்டர் மறுக்கிறார். கட்டையின் எடையே போதாதா?
— தாம்பரம் வாசகர்

அவர் மறுப்பது உங்கள் நல்லதுக்கு. சென்னைக்குக் கட்டடக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்தக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். ஒரு பேனல் மேல் அது முழுதாக வேலை செய்தால் ஏறக்குறைய 390 கிலோ விசை. சாய்வையும் மாடியில் இருக்கும் இடத்தையும் பொறுத்து இது குறையலாம், மூலைகளில் கூடலாம். ஆறு பேனலுக்கு இரண்டே கால் டன்னுக்கு மேல். ஓர் அடிக் கனசதுரக் கான்கிரீட் கட்டையின் எடை 65 முதல் 70 கிலோ. ஆறு வைத்தாலும் 400 கிலோவை ஒட்டித்தான் வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்த நாளில் பறந்த பொருள்களை நினைத்துப் பாருங்கள். பேனல் பறந்தால் இழப்பு உங்களோடு நிற்காது, பக்கத்து வீட்டுக்காரர் தலையும் இருக்கிறது.

ஆகவே கட்டும் வேண்டும், ஒழுகவும் கூடாது. நம் ஊர் மாடியில் மேலே தட்டோடு, அதற்குக் கீழே மூன்று நான்கு அங்குலச் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு), அதற்கும் கீழேதான் கான்கிரீட் தளம். தட்டோட்டின் மேலேயே துளை போட்டு 100 மி.மீ. ஆங்கர் போல்ட்டை இறக்கினால் அது சுருக்கிக்குள்ளேயே முடிந்துவிடும். இழுத்தால் பல்லைப் பிடுங்குவது போல் வரும், போதாததற்கு அந்தத் துளை வழியாகத் தண்ணீரும் இறங்கும். இரண்டு பக்கமும் நஷ்டம், பெரும்பாலான ஒழுகல் புகார்களின் மூலம் இதுதான்.

ஸ்ட்ரக்சரின் ஒவ்வொரு காலும் வரும் இடத்தில் ஓரடிக்கு ஓரடி தட்டோட்டையும் சுருக்கியையும் வெட்டி எடுத்துத் தளத்தை வெளிக்காட்ட வேண்டும். முடிந்தவரை அந்த இடங்கள் பீம் அல்லது தூணின் மேல் அமையட்டும். துளை போட்டு, தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதிவிட்டு, பசையால் பிடிக்கும் போல்ட்டான கெமிக்கல் ஆங்கர் இறக்க வேண்டும். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும். அது இறுகியதும் அடித்தட்டை முடுக்கி, சுற்றிலும் எம்20 கான்கிரீட்டில் பீடம் கட்டி, பழைய சுருக்கியோடு சேரும் விளிம்பில் நீர்த்தடுப்புப் பூச்சு கொடுங்கள். கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாள் நனைத்துவிட்டு, மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கீழே ஈரம் தெரியாவிட்டால் மட்டும் பேனலை மேலே ஏற்றலாம்.

அடுத்தது மட்டம். எல்லா மாடிக்கும் மழைநீர் ஓட வாட்டம் இருக்கும். எல்லாக் கால்களையும் ஒரே உயரத்தில் வெட்டினால் ஸ்ட்ரக்சர் அந்த வாட்டத்தோடு முறுக்கிக்கொண்டு நிற்கும். அதன்மேல் பேனலை வைத்து நாலு கிளாம்ப்பையும் முடுக்கும்போது, முறுக்கு பேனலுக்குப் போகும். மாட்டிய அன்று நன்றாக இருந்து, இரண்டாம் நாள் வெயிலில் தானாகக் கண்ணாடி விரிவதற்கு இது முக்கியமான காரணம். கொத்தனார் போல மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல் பிடித்துப் பாருங்கள். நடுவில் இரண்டு நூலும் ஒன்றையொன்று தொட வேண்டும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரிச் சாய்வு போதும். அதற்கு மேல் நிமிர்த்தினால் காற்றுக்குத்தான் வசதி.

கிளாம்ப் எங்கே பிடிக்க வேண்டும் என்பது பேனல் கையேட்டில் படத்தோடு இருக்கும். பெரும்பாலும் நீளப் பக்கத்தில், முனையிலிருந்து நீளத்தின் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை தள்ளி. குட்டைப் பக்கத்தில் கவ்வினால் தாங்கும் பளு வெகுவாகக் குறைந்துவிடும். பேனலுக்கும் பேனலுக்கும் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள், வெயிலில் ஃப்ரேம் இரண்டரை மி.மீ. வரை நீளும். ஃப்ரேமின் அடியில் இருக்கும் சின்னத் துளைகள் தண்ணீர் வடிய. சிலிக்கான் வைத்து அடைத்துவிடுகிறார்கள், கூடாது. புதிதாகத் துளையும் போடக் கூடாது, வாரண்டி அந்த நிமிஷமே போயிற்று.

புயல் எச்சரிக்கை வந்தால், பேனலைக் கழற்ற ஓடாதீர்கள். தண்ணீர் டேங்க் மூடி, பூந்தொட்டி, ஷீட் துண்டு ஆகியவற்றைக் கீழே இறக்குங்கள். புயலில் பேனலை உடைப்பது பெரும்பாலும் அதே மாடியில் கிடந்த சாமான்.

ஒரு பேனலில் கண்ணாடி முழுவதும் சிலந்தி வலை போல விரிந்துவிட்டது. ஆனால் கரன்ட் வருகிறது. மேலே பாலிதீன் ஒட்டி அல்லது ரெசின் ஊற்றி ஓட்டலாமா?
— கொளத்தூர் வாசகர்

கூடாது. இப்போது வரும், மழை பெய்ததும் விரிசல் வழியே தண்ணீர் செல் வரை போகும், ஃப்ரேமிலும் ஸ்ட்ரக்சரிலும் மின்கசிவு இருக்கும். மழைக்கு மறுநாள் காலை இன்வெர்ட்டர் “ஐசோ ஃபால்ட்” காட்டி நின்றால் அதன் அர்த்தம் இதுதான். ஆறு பேனலைத் தொடராக இணைத்திருந்தால் அதில் 300 வோல்ட் வரை டிசி இருக்கும். ஏசி போல அது நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடாது. பிடித்தால் விடாது, பொறி எழுந்தால் அணையாது.

நீங்களே கழற்றாதீர்கள். வருகிற ஆள் முதலில் இன்வெர்ட்டரின் ஏசி பக்கத்தை அணைத்து, பிறகு பேனல் பக்கத்து சுவிட்சான டிசி ஐசோலேட்டரை அணைத்து, கிளாம்ப் மீட்டரில் கரன்ட் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் எம்சி4 கனெக்டரைப் பிரிக்க வேண்டும். ரப்பர் கையுறை கட்டாயம். அணைத்த பிறகும் வெயில் படும் பேனலில் வோல்ட் இருந்துகொண்டே இருக்கும், ஆகவே மாலையில் செய்வது நல்லது. அல்லது கறுப்புத் துணி போட்டு மூட வேண்டும்.

கழற்றும் முன் படம் எடுங்கள். விரிசல் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகக் கிளம்பியிருந்தால் ஏதோ விழுந்திருக்கிறது: பந்து, கல், தீபாவளி ராக்கெட். கிளாம்ப்பின் அடியிலிருந்து கிளம்பியிருந்தால் மாட்டியவர் பொறுப்பு. மாற்றுப் பேனலின் ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கொஞ்சம் அதிகமாகவோ இருக்கட்டும்; குறைந்தால் தொடரில் உள்ள மற்றவற்றையும் அது இழுத்துப்பிடிக்கும். உடைந்ததைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். 2022 மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்திருக்கிறது.

போர் தண்ணீரில் பேனல் கழுவலாமா?
— மடிப்பாக்கம் வாசகி

உப்புப் படலம் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டத் தோன்றும், சுரண்டினால் கண்ணாடி போச்சு. மெட்ரோ தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைநீர். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் போர் தண்ணீரைவிட மோசம். வெயில் ஏறும் முன்பு, பேனல் குளிர்ந்திருக்கும்போது, மெல்லிய துணி மாப்பால். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், பிரஷர் கன் வேண்டவே வேண்டாம். போகிக்கு மறுநாள் ஒரு தடவை கட்டாயம் துடையுங்கள்.

25 வருஷ வாரண்டி என்று அட்டையில் போட்டிருக்கிறது. நாளை ஒன்று ஆனால் என்ன காட்டிக் கேட்பது?
— அம்பத்தூர் வாசகர்

இரண்டு வாரண்டி இருக்கிறது. பொருளுக்கான வாரண்டி பெரும்பாலும் 10 அல்லது 12 வருஷம்: ஃப்ரேம் பிரிவது, ஜங்ஷன் பாக்ஸ் கழல்வது, படலம் உரிவது இதில் வரும். 25 வருஷம் என்பது உற்பத்தித் திறனுக்கு. முதல் வருஷம் 2 முதல் 3 சதவீதம், பிறகு ஆண்டுக்கு அரை சதவீதத்தை ஒட்டிக் குறையலாம் என்பது ஒப்பந்தம். அதைவிட வேகமாகக் குறைந்தால்தான் கேட்க முடியும். தூக்கும்போது, மாட்டும்போது ஏற்பட்ட உடைப்பு இரண்டிலும் சேராது. அதற்குப் பொறுப்பு மாட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர். அவரோடு போடும் தாளில் “மாடியில் மாட்டி ஒப்படைக்கும் வரை சேதம் என் பொறுப்பு” என்ற ஒரு வரியை முன்பணத்துக்கு முன் எழுதி வாங்குங்கள்.

வண்டி வந்ததும், இறக்கும் முன்பே, தொட்டியில் எப்படி நிற்கிறது என்று ஒரு படம். பிறகு ஒவ்வொரு பேனலின் பின்பக்கத்து ஸ்டிக்கரையும் தொடர் எண்ணோடு படம் எடுங்கள். மாட்டிய பிறகு அதைப் படிக்கக் கழுத்து சுளுக்கும். அந்த எண்களுக்குத் தொழிற்சாலையில் எடுத்த ஃப்ளாஷ் டெஸ்ட் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு பேனலும் உண்மையில் எத்தனை வாட் என்பது அதில் இருக்கும். ஏற்றும் முன் கீழேயே, வெயிலில், ஒவ்வொன்றின் வோல்ட்டையும் அளந்து எண்ணுக்கு நேரே எழுதச் சொல்லுங்கள். ஐந்து பேனல் 49 காட்டி ஒன்று மட்டும் 33 காட்டினால் உள்ளே ஒரு பைபாஸ் டயோடு (பழுதான செல் வரிசையைத் தவிர்த்துக் கரன்ட்டைத் திருப்பிவிடும் பாகம்) போயிருக்கிறது. அது மாடி ஏறவே கூடாது. எல்லாம் மாட்டிய பிறகு மின்கசிவைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெகரில் இன்சுலேஷன் சோதித்து, ஒரு மெகா ஓமுக்கு மேல் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளை லேமினேட் செய்து இன்வெர்ட்டர் பக்கத்திலேயே ஆணியில் மாட்டிவிட்டால், பத்து வருஷம் கழித்து வீட்டில் யார் இருந்தாலும் கைக்கு அகப்படும்.